சர்மாவின் சொந்தக்காரர்கள்

என் மனைவி ஹில்டா தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். அவளுடைய ஆராய்ச்சி பால்கன் நாடுகளைப் பற்றியது. ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற செர்பியா, பல்கேரியா, போஸ்னியா, மாசிடோனியா, கிரீஸ் மாதிரியான நாடுகள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவள் இதையெல்லாம் எனக்கு விளக்கினாள். நூற்றாண்டுக் கணக்கில் துருக்கிய சுல்தானின் ஆட்சியில் ஒரே குடும்பமாக இருந்துவிட்டுப் பிறகு தனித்தனியாகப் பிரிந்தவர்கள், எந்தப் பாட்டு யாருடையது, எந்தப் பலகாரம் யாருடையது என்று இன்றுவரை பேசித் தீரவில்லை என்றாள்.

"பாகப்பிரிவினைக் கேஸ்னு சொல்லுங்க" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய், தன் அம்மாவிடம் சம்மதம் சொல்லிவிட்டாள்.

அவள் குறிப்பாக ஆராய்வது சர்மா என்ற ஒன்றை. என் இன்சூரன்ஸ் ஆபீசில் "எந்த சர்மா, அந்த ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன்ல இருக்காரே, அவரா?" என்று கேட்டிருக்கிறார்கள். சர்மா என்பது ஆள் இல்லை. புளிக்க வைத்த முட்டைகோஸ் இலையில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி, மெல்லிய தீயில் வேகவைக்கிற பண்டம். பால்கனில் எல்லா நாட்டுக்காரர்களும் செய்கிறார்கள். எல்லா நாட்டுக்காரர்களும் அது தங்களுடையது என்கிறார்கள். சர்மா என்ற சொல் துருக்கி மொழியில் 'சுருட்டியது' என்று பொருள்படும். இதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது என்று ஹில்டா என்னை எச்சரித்திருந்தாள்.

போன தை மாதம் அவளுடைய துறையில் 'பொது மரபு' என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கு நடந்தது. இரண்டு பெரிய அறிஞர்கள் வந்தார்கள். ஒருவர் செர்பியாவின் பிரோத் ஊரைச் சேர்ந்த மிலிட்சா. அறுபது வயது, நெடுநெடுவென்ற உயரம், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம். இன்னொருவர் பல்கேரியாவின் சோஃபியாவிலிருந்து வந்த இவாய்லோ. குள்ளம், பருமன், அடர்ந்த தாடி. சென்னைக்குத் தை மாதம் குளிர்காலம் என்று யாரோ சொன்னதை நம்பிக் கம்பளிக் கோட்டோடு வந்து இறங்கியவர். பிரோத்துக்கும் சோஃபியாவுக்கும் நடுவே தாம்பரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள தூரம்கூடக் கிடையாது. இருபது வருடமாக ஒருவர் கட்டுரைக்கு மற்றவர் மறுப்பு எழுதிக்கொண்டிருந்தவர்கள், நேரில் சந்திப்பது இதுதான் முதல் முறை.

கருத்தரங்கின் கடைசி நாளில் இருவரும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட வேண்டும். துறைத் தலைவர் கஸ்தூரிரங்கன் அதற்காக மேடைக்குப் பின்னால் பெரிய பேனரே அடித்துவிட்டார். 'சர்மா: நமது பொது மரபு' என்று அறிக்கைக்குத் தலைப்பும் வைத்தாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டது.

"சர்மா செர்பியாவில் தோன்றி அண்டை நாடுகளுக்குப் பரவிய உணவு" என்று எழுதினார் மிலிட்சா.

இவாய்லோ அதில் செர்பியாவை அடித்துவிட்டு பல்கேரியா என்று எழுதினார். மற்ற வார்த்தைகளில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

அதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. மிலிட்சா ஹில்டாவிடம் ஆங்கிலத்தில் சொல்வார். பக்கத்து நாற்காலியில் இருக்கிற இவாய்லோவுக்கு அது நன்றாகக் கேட்கும். ஆனாலும் ஹில்டா திருப்பி ஒருமுறை சொன்னால்தான் பதில் வரும். அதையும் அவர் ஹில்டாவிடம்தான் சொல்வார். கஸ்தூரிரங்கன் அறைக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஹில்டா, ஒரு ஃபோட்டோவாவது எடுத்துக்கலாமா? கையெழுத்து அப்புறம் பாத்துக்கலாம்."

"ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேமுக்குள்ள வர மாட்டாங்க சார்."

மறுநாள் கருத்தரங்குக்கு விடுமுறை. விருந்தாளிகளுக்கு ஊரப்பாக்கத்தில் மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தோம். ஹில்டாவோடு கல்லூரியில் படித்த ஜெயஸ்ரீ அங்கே கேட்டரிங் நடத்துகிறாள். கேளம்பாக்கத்தில் ஐடி கம்பெனியில் பத்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஒருநாள் மேனேஜரிடம் "நான் போய்ப் பிரியமா எதையாவது சமைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள். அவளுடைய அப்பா சிட்டிபாபுவுக்கு ஒரு காலத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் நெல் வயல் இருந்தது. இப்போது அதே இடத்தில் ஒரு மினி ஹாலும் அதை ஒட்டி ஒரு பெரிய சமையலறையும் இருக்கின்றன.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஹில்டா ஜெயஸ்ரீயை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். மிலிட்சாவின் கட்டுரையிலிருந்து ஒரு செய்முறையும் இவாய்லோவின் கட்டுரையிலிருந்து ஒரு செய்முறையும் ஏற்கெனவே அனுப்பியிருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?" என்றாள் ஜெயஸ்ரீ. "அந்தம்மா மேல சிவப்பா மிளகாத்தூள் தூவச் சொல்றாங்க, அவரு தயிரும் புதினாவும் போடச் சொல்றாரு. மத்தபடி என்ன வித்தியாசம்? எதுக்கு ரெண்டு அடுப்பு?"

ஹில்டாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த வெளிச்சத்தை நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். அது வரும்போதெல்லாம் எனக்கு வேலை வரும்.

"ஜெயா, ஒரே அடுப்பு போதும். ஒரே அண்டா. பாத்திரம் மட்டும் ரெண்டு."

"ஐயோ" என்றேன் நான்.

"ஏங்க, நீங்க கொடி ரெண்டு பிரிண்ட் எடுத்து பல்குச்சில ஒட்டுங்க. செர்பியா ஒண்ணு, பல்கேரியா ஒண்ணு."

ஜெயஸ்ரீக்கு ஒரே ஒரு சிக்கல். கோஸ் இலை புளித்திருக்க வேண்டும். அங்கே குளிர்காலத்துக்கு முன்பே முழு முழுக் கோஸாகப் பீப்பாயில் உப்புநீரில் போட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பார்களாம். இங்கே விடிந்தால் விருந்து. அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, பரணிலிருந்த உப்பு நார்த்தங்காய் ஜாடியை இறக்கினாள். அதிலிருந்த தண்ணீரை வடித்து வெந்நீரில் கலந்து, இலைகளை ராத்திரி முழுக்க அதிலே ஊறவைத்துவிட்டாள். இதை எங்களிடம்கூட அவள் சொல்லவில்லை.

மறுநாள் மினி ஹாலில் மேஜை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, இரண்டு எவர்சில்வர் பாத்திரங்களை வைத்தோம். ஒன்றில் செர்பியக் கொடி, மேலே சிவப்புத் தூள். இன்னொன்றில் பல்கேரியக் கொடி, மேலே தயிரும் புதினாவும். கஸ்தூரிரங்கன் சைவம். அவர் தயிர்சாதத்தோடு மேஜையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டார். பரிமாறுகிற வேலை எனக்கு.

மிலிட்சா முதலில் பல்கேரியப் பாத்திரத்திலிருந்து ஒன்றை எடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல முயற்சி" என்றார் ஹில்டாவிடம். "ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம்."

பிறகு செர்பியப் பாத்திரத்திலிருந்து ஒன்றை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "பிரோத்" என்றார். "என் அத்தை வீட்டுக் கிறிஸ்துமஸ். இந்தப் புளிப்பு இருக்கிறதே, இது எங்கள் மலைத் தண்ணீரில்தான் வரும். நீங்கள் எப்படி இதைப் பிடித்தீர்கள்?"

அந்தப் பக்கம் இவாய்லோ செர்பியப் பாத்திரத்திலிருந்து எடுத்ததை முடித்துவிட்டிருந்தார். "இதில் மிளகாய் இருக்கிறது. சர்மாவைக் காணவில்லை" என்று தன் தட்டைப் பார்த்துச் சொன்னார். பல்கேரியப் பாத்திரத்துக்கு வந்ததும் கம்பளிக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். ஆறு சர்மா உள்ளே போன பிறகுதான் தலையை நிமிர்த்தினார். அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது. "இலை! அந்த இலையைப் பாருங்கள்! சோஃபியாவைத் தாண்டினால் இந்த இலை உலகத்தில் கிடைக்காது."

எனக்குச் சிரிப்பில் புரையேறியது. ஹில்டா மேஜைக்கு அடியிலிருந்து காலை நீட்டி, பக்கத்தில் நின்ற என் காலை மிதித்தாள்.

அவள் போட்ட திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஏமாற்றுவது வரைக்கும் யோசித்தவள், அதை எப்படி உடைப்பது என்று யோசிக்கவில்லை. கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற இரண்டு பெரியவர்களிடம் எதைச் சொல்வது? அவள் தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள்.

அதற்குள் இவாய்லோ எழுந்துவிட்டார். சமைத்தவரின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டுமாம். நாங்கள் தடுப்பதற்குள் சமையலறைக்குள் போய்விட்டார்.

அங்கே ஜெயஸ்ரீ இரண்டாம் முறை பரிமாறுவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஒரே அண்டாவிலிருந்து கரண்டியால் அள்ளி இரண்டு பாத்திரத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, ஒன்றின் மேல் மிளகாய்த்தூளைத் தூவினாள், மற்றதில் தயிரை ஊற்றினாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் தாடி.

இவாய்லோ திரும்பி வந்தார். மிலிட்சாவுக்கு எதிரே நின்றார். முதல் நாள் சண்டைக்குப் பிறகு முதல் முறையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினார். ஆங்கிலத்தில் இல்லை, பல்கேரிய மொழியில். மிலிட்சா செர்பிய மொழியில் ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். அவர் மேஜையைத் தட்டினார். நடுவில் மொழிபெயர்க்க யாருமே தேவைப்படவில்லை. இரண்டும் அக்கா தங்கை மொழிகளாம். கோபத்தில் பேசினால் இன்னும் நன்றாகப் புரியும் போலிருக்கிறது.

"என்ன சொல்றாங்க?" என்று ஹில்டாவிடம் மெல்லக் கேட்டேன்.

"என்னைப் பத்திதான்" என்றாள். இரண்டு மொழியும் அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். அரைகுறையே அன்றைக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"நீ ஒரு அறிஞரா, இல்லை சந்தையில் மூன்று சீட்டு காட்டி ஏமாற்றுகிறவளா?" என்று மிலிட்சா ஆங்கிலத்துக்கு மாறி அவளைக் கேட்டார். ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள். கஸ்தூரிரங்கன் தயிர்சாதத்தில் எதையோ தேடுவதுபோல் கிளறிக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்து சிட்டிபாபு உள்ளே வந்தார். விருந்தாளிகள் நின்றுகொண்டே கத்துகிறார்கள் என்றால் சாப்பாட்டில்தான் ஏதோ குறை என்று நினைத்துவிட்டார். எந்தக் கல்யாணச் சண்டையையும் சமாதானம் செய்கிற கை அது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்தார்.

"இன்னா சார், இன்னா மேடம், புடிக்கலையா? நம்ம ஊரு ஐட்டம் சார் இது. கோஸு நம்ம கோஸு, கறி நம்ம கறி, புளிப்புக்கு நம்ம வூட்டு நார்த்தங்கா தண்ணி. பொண்ணு கையில இன்னா ருசி கீது பாத்தீங்களா? ஊரப்பாக்கம் ஸ்பெஷல்னு வெளிய போர்டே வெச்சிடலாம்னு கீறேன்."

"இவர் என்ன சொல்கிறார்?" என்றார் இவாய்லோ.

ஹில்டா தலையை நிமிர்த்தினாள். பயத்துக்கு நடுவிலும் அந்த வெளிச்சம் லேசாக எட்டிப் பார்த்தது.

"இந்த உணவு ஊரப்பாக்கத்துக்குச் சொந்தமானது என்கிறார்."

மிலிட்சாவும் இவாய்லோவும் ஒரே சமயத்தில் சிட்டிபாபுவின் பக்கம் திரும்பினார்கள்.

"நாஷா!" என்று கத்தினார் மிலிட்சா.

"நாஷா!" என்று கத்தினார் இவாய்லோ.

சிட்டிபாபு குழம்பிப் போனார். "நாஷ்டாவா? அது காலைலதான் சார். இப்ப மத்தியானம் ஆயிடுச்சே. வேணும்னா ரெண்டு இட்லி வெச்சித் தரச் சொல்லட்டா?"

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. கஸ்தூரிரங்கனும் சிரித்துவிட்டு உடனே இருமினார். ஹில்டா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள்" என்றாள். "நாஷா. இரண்டு மொழியிலும் அதுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் மொழியில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. 'எங்களுடையது' என்றால் எதிரில் நிற்கிறவருக்கு அதில் பங்கு இல்லை. 'நம்முடையது' என்றால் அவருக்கும் சேர்த்து. இப்போது நீங்கள் இவரைப் பார்த்துச் சொன்னது எது? உங்கள் இருவரையும் சேர்த்தா, தனித்தனியாகவா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிலிட்சா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கள் மொழியில் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது" என்றார் கடைசியில்.

"எங்கள் மொழியிலும்" என்றார் இவாய்லோ.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன ஒரு சர்மாவை எடுத்தார். எந்தப் பாத்திரம் என்று பார்க்காமலே எடுத்தார். "நார்த்தங்காய் என்றால் என்ன?" என்று கேட்டார். ஜெயஸ்ரீ ஜாடியோடு வந்தாள். மிலிட்சா ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார், பிறகு இன்னொரு துண்டு கேட்டார். 'என் அத்தை வீட்டில் இது இருந்தது' என்று அவர் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

அன்றைக்குச் சாயங்காலமே அறிக்கை தயாராகிவிட்டது. ஹில்டாவின் மேல் உள்ள கோபம் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது என்பதுதான் உண்மை. அவளை அறைக்குள் விடவே இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் அவ்வப்போது வெளியே கேட்டது. இவாய்லோ நடுவில் ஒருமுறை வெளியே வந்து, ஜெயஸ்ரீயின் ஃபோன் நம்பர் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நார்த்தங்காய் ஊறுகாய்க்காகத்தான் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாள் பேனருக்கு முன்னால் இருவரும் கையெழுத்திட்டார்கள். கஸ்தூரிரங்கனுக்கு ஃபோட்டோ கிடைத்தது. மிலிட்சா மைக்கைப் பிடித்து, தங்களை இவ்வளவு அன்பாகக் கவனித்துக்கொண்ட துறைக்கு இன்று தாங்கள் ஒரு விருந்து தருவதாக அறிவித்தார். தமிழ்நாட்டின் இரண்டு புகழ்பெற்ற ஊர்களிலிருந்து பிரியாணி தருவித்திருக்கிறார்களாம். ஆம்பூர் ஒன்று, திண்டுக்கல் ஒன்று.

நான் ஆம்பூர்க்காரன். ஹில்டா திண்டுக்கல்காரி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்த பிறகு நடக்கிற ஒரே சண்டை இதுதான்.

இரண்டு வண்டிகளில் இரண்டு பெரிய பாத்திரங்கள் வந்து இறங்கின. ஒன்றோடு கத்தரிக்காய்த் தொக்கு, இன்னொன்றோடு தால்சா. இரண்டிலும் கொடி குத்தியிருந்தார்கள். தொக்கு வைத்ததில் 'ஆம்பூர்', தால்சா வைத்ததில் 'திண்டுக்கல்'. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிரியாணி விஷயத்தில் எனக்கு நாக்கு இருக்கும்போது சந்தேகம் எதற்கு?

திண்டுக்கல் பிரியாணியை ஒரு வாய் வைத்தேன். "மிளகு தூக்கல். அரிசி குழைஞ்சிருக்கு" என்றேன். ஆம்பூர் பிரியாணி வாயில் பட்டதும் பள்ளிக்கூட நாட்கள் எல்லாம் வந்துபோயின. "இதுதாண்டி பிரியாணி" என்றேன்.

"நாக்கை எங்கயாவது அடகு வச்சிட்டீங்களா?" என்றாள் ஹில்டா. "இது வெறும் மசாலாச் சோறு. எங்க ஊர்க் கறி எப்படி வெந்திருக்கு பாருங்க. எலும்புலேர்ந்து தானா கழண்டு வருது. இந்தப் பதம் வேற எங்கயும் வராது."

துறையிலிருந்த டெபோரா என் பக்கம் சேர்ந்தாள். இரண்டு பேர் ஹில்டாவின் பக்கம். குரல் உயர்ந்தது. கறியைத் தொடாத கஸ்தூரிரங்கன்கூட மூக்கை உறிஞ்சி, "வாசனையே சொல்லுதே, ஆம்பூர்தான் ஒசத்தி" என்று தீர்ப்பு சொன்னார். ஹில்டா தன் துறைத் தலைவரைப் பார்த்து, "சார், உங்களுக்கு இதுல ஓட்டு கிடையாது" என்றாள்.

மிலிட்சாவும் இவாய்லோவும் சாப்பிடாமல் சுவரோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவில் திருவிழாவில் கூத்து பார்க்கிறவர்கள் மாதிரி ஒரு ரசனை முகத்தில். சண்டை உச்சத்துக்கு வந்தபோது இவாய்லோ கதவைத் திறந்தார். ஜெயஸ்ரீயும் சிட்டிபாபுவும் உள்ளே வந்தார்கள்.

ஹில்டாவின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. "ஜெயா?"

"ஒரே அண்டாதான்டி" என்றாள் ஜெயஸ்ரீ. "நான் என்ன பண்றது, உங்க வீட்டுச் சண்டை எதுலன்னு அவங்க ரொம்ப அழகா கேட்டாங்க."

"ஊரப்பாக்கம் பிரியாணிமா அது" என்றார் சிட்டிபாபு பெருமையாக. "அந்தத் தாடிக்கார சாரே காலைல வந்து வெங்காயம் உரிச்சிக் குடுத்தாரு. பேஜாராப் பூட்டுது மனுஷனுக்கு, கண்ணுல ஒரே தண்ணி."

மிலிட்சா மெதுவாக ஹில்டாவிடம் வந்தார். "எங்க ஊர்க் கறி" என்று ஹில்டா சொன்னதைத் தமிழிலேயே, கொஞ்சம் தடுக்கித் தடுக்கித் திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். ஹில்டாவுக்கு வெட்கத்தில் காது சிவந்திருந்தது. அவளுக்கு முன்னால் என் காது சிவந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை என்று நம்புகிறேன்.

ராத்திரி இருவரையும் விமான நிலையத்தில் விட்டோம். ஒரே வண்டியில், பின் இருக்கையில், இரண்டு மொழியிலும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் உள்ளே போய்விட்ட பிறகு பல்லாவரம் தாண்டும் வரை ஹில்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எதிர்பார்த்தது, பொது மரபு பற்றி அவள் ஏதாவது ஆழமாகச் சொல்வாள் என்று.

"எது எப்படியோ" என்றாள் கடைசியில். "அந்தத் தால்சா வச்சிருந்த பக்கம் கறி கொஞ்சம் நல்லாத்தான் வெந்திருந்தது."

"ஒரே அண்டாடி."

"அண்டா ஒண்ணுதாங்க. அடியில இருந்ததும் மேல இருந்ததும் ஒண்ணாகிடுமா?"

"அப்படிப் பாத்தா தொக்கு வச்சிருந்த பக்கம்தான் மேலேர்ந்து எடுத்தது. நல்லதெல்லாம் அங்கதான் இருந்துச்சு."

குரோம்பேட்டை வந்தது. சானடோரியம் வந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தை இருவருமே தவறவிட்டோம்.